"லேசா மயக்கம் குடுத்தா பத்தாதா, டாக்டரம்மா?"

மூளைக்கட்டி ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நோயாளியைப் பார்க்க வார்டுக்குப் போனால், வீட்டார் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். சர்ஜனிடம் கேட்கத் தயங்குவதை எல்லாம் மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டுவிடுவார்கள். முழு மயக்கம் என்றால் ஆள் திரும்ப எழுந்திருப்பாரோ மாட்டாரோ என்று ஒரு பயம். லேசான மயக்கம் என்றால் ஆபத்தும் லேசாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இதில் கிடையாது. வேறு துறை டாக்டர்கள்கூடச் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கண்புரை ஆபரேஷனுக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் நடுவே வேண்டுமானால் அந்தக் கணக்கு சரியாக வரலாம். மண்டையைத் திறக்கிற இடத்தில் அது தலைகீழாகிறது. ட்யூப் போட்டு, வென்டிலேட்டரில் இணைத்து, ஆழ்ந்து தூங்க வைத்த நோயாளியிடம் எனக்குப் பயம் குறைவு. தானாக மூச்சு விட்டுக்கொண்டு, தலையைக் கவ்விப் பிடித்த நிலையில், பாதித் தூக்கத்தில் கிடப்பவரிடம்தான் பயம் அதிகம். அவர் பக்கத்தில் நான் உட்காரக்கூட மாட்டேன், நின்றபடியே இருப்பேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கரியமில வாயுவிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. அதற்குள் மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள திரவம் மூன்றும் அளவாக இடம் பிடித்திருக்கின்றன. அங்கே கட்டி நான்காவதாக வந்து வளர்கிறது. கொஞ்ச நாள் திரவம் விலகி இடம் கொடுக்கும், ரத்தமும் ஓரளவு விலகும். அதற்கு மேல் விலக எதுவும் இருக்காது. இந்த நிலையில் ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அந்த வாயுவின் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலே மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 3 சதவீதம் கூடும். நாலைந்து நிமிடம் மூச்சு மந்தமானால் மூளை உப்பிவிடும். எலும்பைத் திறந்து வைத்திருக்கும்போது அது நடந்தால், திறந்த வாசல் வழியே மூளை வெளியே பிதுங்கும். சர்ஜன் நிமிர்ந்து என்னைப் பார்க்கும் பார்வையில் கேள்வி இருக்காது, குற்றச்சாட்டுதான் இருக்கும்.

முழு மயக்கத்தில் இதெல்லாம் என் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் வெளியேறும் கரியமில வாயுவின் அளவு திரையில் ஓடுகிறது. ஏறினால் வென்டிலேட்டரில் ஒரு குமிழைத் திருப்பினால் போதும். மூளை இறுக்கமாக இருந்தால் மானிடால் கொடுக்கலாம், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தலாம். ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்கள் அளவு கூடினால் அவையே ரத்தக்குழாயை விரிக்கும் என்பதால், அவற்றைக் குறைத்துவிட்டு கை ரத்தக்குழாய் வழியே ப்ரோபோஃபால் என்ற தூக்க மருந்தை ஓடவிடலாம். அது மூளையின் வேலையையும் ரத்த ஓட்டத்தையும் சேர்த்தே குறைக்கும்.

அரைமயக்கத்தில் இந்தக் குமிழ் எதுவும் இல்லை. மருந்து கொஞ்சம் கூடினால் குறட்டை வருகிறது. வீட்டில் குறட்டை என்றால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தொல்லை. இங்கே குறட்டை என்றால் தொண்டை பாதி அடைத்திருக்கிறது, கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மருந்தைக் குறைத்தால் நோயாளி பாதி தெளிந்து, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் எழுந்திருக்கப் பார்ப்பார். தலையோ மூன்று ஊசிமுனைகள் எலும்பில் பதிந்த கவ்வியில் மேசையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. திடீரென்று ட்யூப் போட வேண்டி வந்தால், ஒருபக்கம் திரும்பிய, அசைக்க முடியாத தலை, மேலே சர்ஜனின் கைகள், சுற்றிலும் பச்சைத் துணி. பக்கவாட்டில் தரையோடு தரையாகக் குனிந்துதான் வாயைப் பார்க்க முடியும். பால் பொங்கி வரும் தறுவாயில் அடுப்பைக் கூட்டிக் குறைத்து, பொங்கவும் விடாமல் ஆறவும் விடாமல் நான்கு மணி நேரம் பிடித்து நிறுத்துகிற வேலை அது.

அப்படியிருந்தும் நாங்கள் ஏன் அந்த வழிக்குப் போகிறோம்? ஒரே காரணம்தான், பேச்சு.

கை கால் அசைவைத் தூக்கத்திலும் சோதிக்கலாம். தசைகளைத் தளர்த்தும் மருந்தைத் தவிர்த்து, ப்ரோபோஃபாலில் தூங்க வைத்து, மூளைக்கு மின்துடிப்பு கொடுத்தால் கையிலோ காலிலோ பதில் வரும். இயந்திரம் அதைப் பதிவு செய்யும். ஆனால் தூங்குகிற ஆளின் பேச்சைச் சோதிக்க வழியே கிடையாது. 1861-ல் பாரிஸில் பால் ப்ரோக்கா என்ற டாக்டர், பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையைப் பரிசோதித்து இடது முன்பகுதியில் சிதைவைக் காட்டினார். அன்றிலிருந்து பேச்சுக்கு ஒரு முகவரி உண்டு என்று பாடப்புத்தகங்கள் சொல்லி வருகின்றன. முகவரி ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறும் என்பது ஆபரேஷன் மேசையில்தான் தெரிந்தது. மெதுவாக வளரும் கட்டி என்றால், பேச்சின் இடம் வருடக்கணக்கில் நகர்ந்து வேறு மடிப்புக்குப் போயிருக்கவும் கூடும். ஸ்கேன் ஊகம் சொல்லும். உறுதி சொல்ல நோயாளி வாய்திறக்க வேண்டும்.

மூளைக்கு வலி தெரியாது என்பதால்தான் நோயாளியை விழிக்கவைத்துச் செய்யும் இந்த விழிப்பு ஆபரேஷன் நடக்கிறது. தோலுக்கு வலிக்கும், எலும்பின் மேலுறைக்கு வலிக்கும், மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த சவ்வுக்கு நன்றாகவே வலிக்கும். மூளைச் சதையைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. இதை நம்பி, தோலை மட்டும் மரக்கவைத்து, விழித்திருந்த வலிப்பு நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டுத் தொட்டு வரைபடம் போட்டவர் வைல்டர் பென்ஃபீல்ட். 1934-ல் கனடாவின் மான்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். ஆகவே மான்ட்ரியால் நமக்கு அவ்வளவு தூரத்து ஊர் கிடையாது.

பென்ஃபீல்டின் கதையில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 1928-ல் தன் சொந்த அக்காவுக்கே அவர் ஆபரேஷன் செய்தார். வலது முன்மூளையில் பெரிய கட்டி. நிறைய எடுத்தார். அக்கா பிழைத்தார், பேசினார், நடந்தார், நினைவாற்றலும் நன்றாக இருந்தது. ஓராண்டுக்குப் பிறகு தம்பியும் மற்றவர்களும் விருந்துக்கு வந்த ஒருநாள், அவரால் சமையலை நடத்த முடியவில்லை. எதை முதலில் ஏற்றுவது, எதை அடுத்து வைப்பது என்று வரிசைப்படுத்தும் திறன் போய்விட்டிருந்தது. கட்டி திரும்ப வந்து 1931-ல் இறந்தும் போனார். விழித்திருக்க வைத்து எத்தனை கேள்வி கேட்டாலும், கேட்ட கேள்விக்கு மட்டும்தான் மூளை பதில் சொல்லும். சமையல் திட்டத்தை யாரும் மேசையில் சோதிப்பதில்லை. விழிப்பு ஆபரேஷனை எல்லாவற்றுக்கும் காப்பாக விற்கிறவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு.

எங்கள் ஊர் மதுரை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், முதல்முறையாக வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்ததில் இடது முன்மூளையில் மெதுவாக வளரும் கட்டி. வீட்டில் சௌராஷ்டிரா, கடையில் தமிழ். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு மூளையில் சில இடங்கள் பொது, சில இடங்கள் ஒரு மொழிக்கு மட்டும் என்று அமெரிக்காவில் ஜார்ஜ் ஓஜமானும் ஹாரி விட்டேக்கரும் 1978-லேயே காட்டியிருக்கிறார்கள். எனவே முதல் கேள்வியை மனைவியிடம் கேட்டேன்.

"கணக்கு எந்த பாஷையில போடுவாரு?"

"கடைக் கணக்கு தமிழ்லதான் மேடம். என்கிட்ட சண்டை போடுறது மட்டும் எங்க பாஷையில."

இரண்டிலும் சோதிப்பது என்று முடிவானது. பேச்சுப் பயிற்சியாளர் மூன்று நாட்கள் அவரோடு உட்கார்ந்து படங்களைக் காட்டிப் பழக்கினார். வெளிநாட்டுப் படத்தொகுப்புகளில் பனிவீடு, பீவர் என்றெல்லாம் வரும். அவற்றை வைத்துக்கொண்டு இங்கே யாரையும் சோதிக்க முடியாது. குடை, ஏணி, பூட்டு, தராசு என்று எங்களுடையதை நாங்களே சேர்த்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு படத்துக்கும் "இது" என்று தொடங்கிச் சொல்ல வேண்டும். "இது பூட்டு." "இது ஏணி." அந்த "இது"வில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மின்துடிப்பு கொடுக்கும்போது ஒட்டுமொத்தமாகப் பேச்சு நின்றால் அது வாயசைவின் இடமாக இருக்கலாம். "இது..." வந்துவிட்டுப் பெயர் மட்டும் வரவில்லை என்றால், பெயர் தேடும் இடத்தின் மேல் நிற்கிறோம்.

முந்தைய நாள் நான் அவரிடம் நடக்கப்போவதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். எலும்பைத் துளைக்கும் சத்தம் தலைக்குள்ளிருந்து கேட்கும், லாரி போகிற மாதிரி அதிரும், ஆனால் வலிக்காது. ஒருபக்கமாகவே படுத்திருப்பதால் தோள் மரத்துப்போகும். தண்ணீர் தாகம் எடுக்கும், பஞ்சில் நனைத்து உதட்டில் வைப்போம். என் முகம் கடைசிவரை உங்களுக்குத் தெரியும், போய்விட மாட்டேன். இந்தக் கடைசி வாக்குறுதி எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை என்பது என் அனுபவம். ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் குழுவினர் தூக்க மருந்தே இல்லாமல், மரக்கவைக்கும் ஊசியையும் பேச்சுத் துணையையும் மட்டுமே நம்பி இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் வரவில்லை.

ஆபரேஷன் அன்று நெற்றி, நெற்றிப்பொட்டு, காது ஓரம், பிடரி என்று தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு நரம்புகளைத் தேடி பியூபிவகெய்ன் என்ற மரப்பு ஊசி. நன்றாகப் பிடித்தால் பல மணி நேரம் தாங்கும். இந்த ஊசி சரியாக அமைந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அமையாவிட்டால், வலியை மறைக்கத் தூக்க மருந்தைக் கூட்டி, அதனால் மூச்சு மந்தமாகி, முன்பு சொன்ன அந்தப் பாதித் தூக்கப் பள்ளத்தில் போய் விழுவோம். லேசான மயக்கம் என்று வீட்டார் சொல்வதன் உண்மையான அடித்தளம் தூக்க மருந்து இல்லை, இந்த மரப்பு ஊசிதான்.

அதன் பிறகு இரண்டு பாதைகள் இருக்கின்றன. முதல் பாதை, தூங்கவைத்து எழுப்பி மறுபடி தூங்கவைப்பது. எலும்பைத் திறக்கும்வரை தொண்டையின் மேல் உட்காரும் மாஸ்க் ஒன்றைப் போட்டு முழுத்தூக்கம். பிறகு மாஸ்க்கை எடுத்து எழுப்புவோம். கட்டி எடுத்தபின் மறுபடி தூக்கம். இரண்டாவது, தொடக்கம் முதல் முடிவுவரை தட்டினால் கண்திறக்கும் அளவுக்கான இதமான தூக்கம். இதற்கு டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து வந்தபிறகு என் வேலை எளிதாகிவிட்டது. மூளைத்தண்டில் விழிப்பை நடத்தும் சிறு முடிச்சொன்றை அது அமர்த்துகிறது. இயல்பான தூக்கம் போலவே இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழிப்பார், மூச்சை அவ்வளவாகத் தொடாது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டொரன்டோவில் 50 பேரை இரு குழுவாகப் பிரித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ப்ரோபோஃபாலும் ரெமிஃபென்டனில் என்ற வலி மருந்தும் பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்கு மூச்சுத் தொல்லை வந்தது. டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. மூளை வரைபடம் போடுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஜவுளிக்கடைக்காரர் விழித்தார். பத்துவரை எண்ணச் சொன்னோம். சர்ஜன் மின்முனையை வைக்க, நான்கோடு நின்றார். எடுத்தவுடன் ஐந்து என்றார். அந்த இடத்தில் எண் எழுதிய சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டினார்கள். "இது குடை." "இது தராசு." "இது... இது..." இன்னொரு துண்டு. அதே இடத்தில் சௌராஷ்டிராவில் கேட்டபோது பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து ஒரு விரற்கடை தள்ளி இரண்டு மொழியும் நின்றன. கட்டியை எடுக்க எடுக்க அவர் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் வலது கன்னம் துடிக்க ஆரம்பித்தது. வலிப்பின் தொடக்கம். இதற்காகவே குளிர்ந்த ரிங்கர் என்ற உப்புத் திரவம் சுத்தமான கிண்ணத்தில் தயாராக இருக்கும். மூளையின் மேல் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கியது. முப்பது வினாடி யாரும் பேசவில்லை. பிறகு அவரே, "கடைக்குப் போன் போட்டாங்களா?" என்றார்.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, விழிப்பு ஆபரேஷன் தோல்வியில் முடிவது சுமார் 2 சதவீதம் என்றது. மேலே சொன்ன இரண்டு பாதைகளுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிரச்சினை நோயாளியைத் தேர்ந்தெடுப்பதில்தான். தூக்கத்தில் மூச்சு நிற்கும் வியாதி உள்ளவர், மிகவும் பருமனானவர், ட்யூப் போடக் கடினமான கழுத்துள்ளவர், மூடிய இடத்தில் பதறுகிறவர், ஏற்கெனவே பேச்சு பெருமளவு போனவர், இவர்களை எல்லாம் நான் முழு மயக்கத்துக்கே அனுப்புவேன். பேச்சே போனவரிடம் எதைச் சோதிப்பது? பின்மூளைக் கட்டி, பிட்யூட்டரி கட்டி, மூளையின் உறையில் முளைக்கும் பெரும்பாலான மெனிஞ்சியோமா, இவற்றுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை.

ஆய்வுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாட்ஸாப்பில் சுற்றும் பதிவுகள் இதில்தான் குழப்புகின்றன. 2012-ல் 8,091 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று வந்தது. மின்துடிப்பால் வரைபடம் போட்டு ஆபரேஷன் செய்தவர்களில் 3.4 சதவீதம் பேருக்கு நீடித்த கடுமையான பாதிப்பு. போடாதவர்களில் 8.2 சதவீதம். கட்டி முழுதாக அகன்றதும் முன்னவர்களிடம்தான் அதிகம். இதை விழிப்புக்கும் மயக்கத்துக்கும் நடந்த போட்டியாகவே பலரும் எழுதுகிறார்கள். ஆய்வு ஒப்பிட்டது வரைபடம் போடுவதையும் போடாததையும். கை கால் வரைபடத்தை மயக்கத்திலும் போடலாம் என்று முன்பே சொன்னேன்.

சீட்டுக் குலுக்கிப் பிரித்து நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு என்று தேடினால், 2007-ல் டெல்லி எய்ம்ஸிலிருந்து வந்தது கையில் கிடைக்கிறது. 53 பேர். அதில் கட்டியை எடுத்த அளவிலும் நரம்பியல் முன்னேற்றத்திலும் முழு மயக்கக் குழுதான் முந்தியது. விழிப்பு ஆபரேஷன் மாநாடுகளில் இந்த ஆய்வைப் பற்றி அதிகம் பேச்சு வராது. 53 பேரை வைத்து எதையும் முடித்துவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் நாட்டு மருத்துவமனையில், நம் நோயாளிகளை வைத்து வந்த முடிவு அது. விழிப்பு என்பது கருவியின் பெயர் மட்டும்தான், அதைக் கையாளும் குழு பழகியிருக்க வேண்டும் என்று அதை நான் படிக்கிறேன். பிறகு 2022-ல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து, முக்கியமான இடத்தில் க்ளையோப்ளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் மூளைப் புற்று வந்தவர்களின் பழைய பதிவுகளை ஒப்பிட்டார்கள். விழிப்பில் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 17 மாதம், மயக்கத்தில் செய்தவர்களுக்கு 14. பாதிப்புகளும் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் யாரை விழிக்க வைப்பது என்று தேர்ந்தெடுத்தவர் டாக்டர், சீட்டு இல்லை. தெம்பான நோயாளி விழிப்புப் பக்கம் போயிருக்க வாய்ப்பு அதிகம். கணக்கில் எவ்வளவு சரிக்கட்டினாலும் அந்தச் சாய்வு முழுதாகப் போகாது.

செய்தித்தாள்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. 2017-ல் குண்டூரில் ஒருவர் சினிமா பார்த்தபடி ஆபரேஷன் செய்துகொண்டார். அதே ஆண்டு சென்னையில் ஒரு சிறுமி போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். 2020-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஒரு பெண் வயலின் வாசித்தார். இவற்றில் வயலினுக்குக் காரணம் இருந்தது. அவருடைய கட்டி இடது கையை இயக்கும் பகுதிக்கு அருகில் இருந்தது, தந்திகளை அழுத்தும் விரல்களைக் காப்பாற்ற வாசிக்கவைப்பதே சரியான சோதனை. சினிமா, சோதனை கிடையாது. பயத்தை மறக்க வைப்பதற்கு அது நல்ல வழி, அவ்வளவுதான். செய்தியைப் படித்துவிட்டு, "எங்க அப்பாவையும் முழிக்க வச்சே பண்ணுங்க, அதுதான் லேட்டஸ்ட்" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்கோ கட்டி வலது பக்கம் பின்னால், பேச்சிலிருந்து வெகுதூரம்.

முழு மயக்கத்தைப் பற்றிய பயத்தையும் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். நடுவில் விழித்துக்கொண்டு, சொல்ல முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடப்பேனோ என்பார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014-ல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பில், நோயாளிகள் தாங்களே வந்து சொன்ன அப்படிப்பட்ட சம்பவம் சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒன்று. மூளை ஆபரேஷன் முடிந்து எழுந்திருக்கத் தாமதமானால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டியோ வீக்கமோ ரத்தக்கசிவோதான். மயக்க மருந்துமேல் பழி போடுவது சுலபம் என்பதால் போடுகிறார்கள்.

இன்னொரு கோடியில் டொரன்டோவின் சர்ஜன் மார்க் பெர்ன்ஸ்டீன் இருக்கிறார். பேச்சுப் பகுதிக்கு அருகே இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேல்மூளைக் கட்டிகளை வழக்கமாகவே விழிப்பில் எடுத்து, 2007-ல் 610 பேரின் விவரத்தை வெளியிட்டவர். அவர்களில் கணிசமானவர்களை அன்று மாலையே வீட்டுக்கும் அனுப்பினார். ஐ.சி.யூ. செலவு இல்லை, வாந்தி குறைவு, படுக்கை மிச்சம். நம் ஊர் நிர்வாகிகளுக்கு இது காதில் தேன்போல் விழுகிறது. எங்களிடமும் ஒருமுறை இந்தப் பேச்சு வந்தது. நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ராமநாதபுரம், தேனி, சிவகங்கை கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வலிப்பு வந்தால் ஆம்புலன்ஸ் வந்து, ஸ்கேன் உள்ள ஊருக்குக் கொண்டுவரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். மருத்துவமனைக்கு அரை மணி தூரத்தில் வீடு, வீட்டில் கூடவே ஒருவர் என்று எல்லாம் கூடிவந்த ஊரில் செய்கிற காரியம் அது. ஜவுளிக்கடைக்காரருக்கு வீடு கீழவாசல்தான், ஆட்டோவில் பத்து நிமிடம். அவரையே நான்கு நாள் வைத்திருந்துதான் அனுப்பினோம். இரண்டாம் நாள் பேச்சு கொஞ்சம் தடுமாறியது, வீக்கம் வடிந்ததும் சரியானது. மனைவியிடம் கேட்டேன், சண்டை போடும் பாஷை சரியாக இருக்கிறதா என்று. "அதுல ஒரு கொறையும் இல்ல மேடம்" என்றார்.